போஸ்ட்ஜிஐஎஸ் டிபிஸ்கேன்: கட்டம் போட்ட பிறகுதான் கட்டுக்குள் வந்தது

டெலிவரி வண்டிகளின் ஜிபிஎஸ் பாயிண்ட்கள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன, எங்கெங்கே அதிகம் நிற்கிறார்கள் என்று பிரித்தெடுக்க போஸ்ட்ஜிஐஎஸ்ஸே (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இடக்கணக்குகளுக்கான நீட்சி) போதுமா என்று நண்பர் கேட்டார். வருஷக்கணக்காக இதையே கட்டி மேய்ப்பவன் என்பதால் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

நெருங்கிக் கிடக்கும் பாயிண்ட்களை ஒரு கும்பலாக, அதாவது கிளஸ்டராகச் சேர்ப்பது டிபிஸ்கேன் முறை. அதைச் செய்யும் எஸ்டி_கிளஸ்டர்டிபிஸ்கேன் ஃபங்ஷன் 2016-இல் போஸ்ட்ஜிஐஎஸ் 2.3 பதிப்போடு வந்தது. விடையில் குறை சொல்ல முடியாது. எரிச்சல் வேறு இடத்தில். இடத்தை வைத்துச் சட்டென்று தேட டேபிளில் ஜிஸ்ட் இண்டெக்ஸ் போட்டு வைத்திருப்போம். இது அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. விண்டோ ஃபங்ஷன் (வரிகளை மொத்தமாகப் பார்த்து வரிக்கு ஒரு விடை தருவது) ஆயிற்றே, எல்லாப் பாயிண்டையும் மெமரிக்குள் அள்ளிப்போட்டு, தனக்கென்று ஒரு தேடல் மரத்தைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். சர்வரில் 16 கோர் இருந்தாலும் உழைப்பது ஒன்று, மீதி 15-ம் வேடிக்கை பார்க்கும். நியாயமாகப் பார்த்தால், அதன் கைக்கு வருவது ஏதோ ஒரு குவரியின் விளைவு. எந்த டேபிளின் இண்டெக்ஸ் என்று அதற்கு எப்படித் தெரியும்? இது புரிந்தும் கோபம் தணியவில்லை.

மாவட்டவாரியாகப் பிரித்துத் தனித்தனியே ஓட்ட பார்ட்டிஷன் பை போடச் சொல்வார்கள். மெமரி மூச்சு விடும், உண்மைதான். ஆனால் மீனம்பாக்கம் சென்னை மாவட்டம், பல்லாவரம் செங்கல்பட்டு. ஜிஎஸ்டி ரோட்டில் எல்லையின் இரு பக்கமும் ஒட்டிக் கிடக்கும் ஒரே கும்பல் இரண்டாக வெட்டுப்படும். போதாக்குறைக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் கிளஸ்டர் எண் மறுபடி 0-விலிருந்து தொடங்கும்.

கைகொடுத்தது எஸ்டி_ஸ்னாப்டுகிரிட். பாயிண்ட்களை 50 மீட்டர் கட்டத்துக்கு ஒட்டவைத்து குரூப் பை போட்டால், ஒரு கட்டத்துக்கு ஒரே வரி. இந்த எண்ணிக்கை வேலையைப் பல கோர்கள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு சிக்கல்: 500 பாயிண்ட் இருந்த கட்டமும் ஒற்றைப் பாயிண்ட் இருந்த கட்டமும் டிபிஸ்கேன் கண்ணுக்கு இப்போது ஒன்றுதான். அதனால் அடர்த்தியை, குரூப் பை-யோடு வரும் ஹேவிங் நிபந்தனையிலேயே வடிகட்டிவிட வேண்டும். கவுண்ட் 20-க்குக் கீழே உள்ள கட்டங்களைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மின்பாயிண்ட்ஸ் (கும்பலாகக் குறைந்தது எத்தனை பாயிண்ட் வேண்டும்) 1, எப்ஸ் (எவ்வளவு தூரம் வரை பக்கத்தில் என்று எண்ணுவது) 71 என்று டிபிஸ்கேனுக்கு அனுப்புகிறேன். 50 மீட்டர் கட்டத்தின் மூலைவிட்டம் 70.7, ஆகவே மூலையில் தொடும் கட்டமும் சேர்ந்துகொள்ளும். முதல் தடவை ஓடி முடிந்த வேகத்தைப் பார்த்து, குவரி பாதியில் செத்துவிட்டது என்றே நினைத்தேன்.

எல்லாம் மீட்டர் கணக்கு. சென்னை என்றால் பாயிண்ட்களை 32644-க்கு (78 டிகிரிக்குக் கிழக்கே மீட்டரில் அளக்கும் ஆயமுறையின் எண்) மாற்றிவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும். ஜிபிஎஸ் தரும் அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியான 4326-லேயே விட்டால் 71 என்பது 71 டிகிரி, நாடு முழுக்க ஒரே கும்பல். (கோயம்புத்தூர் 78 டிகிரிக்கு மேற்கே, அதற்கு 32643. தமிழ்நாடு மொத்தத்தையும் எடுப்பவர் பாடு தனி.)

இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பருக்கு என் பதில்: வேண்டாம். இண்டெக்ஸைத் தொடாத ஒன்றை டேட்டாபேஸுக்குள் வைத்து ஓட்டுவதில் என்ன லாபம் என்றுதான் இன்றைக்குத் தோன்றுகிறது. என்னை மாறச் சொன்னால் மட்டும் மாட்டேன். அடுத்த வாரம் கொடுக்க வேண்டிய ரிப்போர்ட்டும் இதே 50 மீட்டர் கட்டத்தில்தான் ஓடப்போகிறது.