நெவர்மைண்டா, இன் யூட்ரோவா: ஸ்பீக்கர் ரிப்பேருக்கு அப்புறம்

அமெரிக்க ராக் குழுவான நிர்வானாவை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கும் நண்பன் ஒருவன், அவர்களுடைய ஆல்பங்களில் நெவர்மைண்ட் வாங்கவா, இன் யூட்ரோ வாங்கவா, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்று கேட்டிருந்தான். இரண்டு சிடியும் என்னிடம் 16 வருடமாக இருக்கின்றன, இரண்டின் டப்பாவும் உடைந்துவிட்டது. ஆனாலும் போன வாரம் ஸ்பீக்கர் கடையில் நடந்த கூத்துக்கு அப்புறம்தான் எனக்கே பதில் சொல்லத் தோன்றியது.

என் ஸ்பீக்கரில் பேஸ் தரும் பெரிய கோனான வூஃபரின் ஓரத்து ஃபோம் உதிர்ந்துபோய் பேஸ் வரும்போதெல்லாம் கரகரத்தது. கடைக்காரர் புது ஃபோம் ஒட்டி முடித்துவிட்டு, "உங்க பாட்டையே போட்டுப் பாருங்க சார்" என்றார். கையில் முதலில் வந்தது இன் யூட்ரோ. குச்சியைத் தட்டும் சத்தம், அடுத்த நொடி ஸ்ருதிக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல ஒரு கிடார் அடி. அவர் முகம் சுருங்கிவிட்டது. "இன்னும் கிழியுது சார்." இல்லைண்ணே, கிடாரே அப்படித்தான் என்று நான் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை, மறுபடி ஸ்க்ரூவைக் கழற்றி, கோனை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல அமுக்கிப் பார்த்து, ஒட்டிய இடத்தை விளக்கில் காட்டிப் பார்த்து, அரை மணி நேரம் போனது. கடைசியில் நெவர்மைண்டைப் போட்டேன். "பாத்தீங்களா, சுத்தமா இருக்கு. அந்த சிடிதான் சார் அவுட்டு."

எரிச்சலாக இருந்தாலும் அவர் காதில் தப்பில்லை. 1991இல் சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவில் புட்ச் விக் பதிவு செய்து, ஆண்டி வாலஸ் மிக்ஸ் செய்த நெவர்மைண்டில் ஒரு பிசிறு கிடையாது. ஒரே வரியை இரண்டு முறை பாடி அடுக்குவது குழுவின் பாடகர் கர்ட் கோபேனுக்குப் பிடிக்காதாம், பீட்டில்ஸின் ஜான் லெனனே அப்படித்தான் பாடினார் என்று சொல்லி விக் சம்மதிக்க வைத்தார். பின்னால் கோபேனே இது பங்க் மாதிரி இல்லை, மாட்லி க்ரூ என்ற ஹெவி மெட்டல் குழுவின் ஆல்பம் மாதிரி இருக்கிறது என்று சலித்துக்கொண்டார். பாட்டுகள் என்னவோ அருமைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

இன் யூட்ரோ நேர் எதிர். 1993 பிப்ரவரி, மினசோட்டாவில் ஒரு ஸ்டுடியோ, இரண்டே வாரம், பதிவு செய்தவர் ஸ்டீவ் ஆல்பினி. பிளம்பருக்குக் கொடுப்பதுபோல வேலைக்குக் கூலி கொடுங்கள், ராயல்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த மனுஷன். இரண்டாவது பாட்டில் டேவ் க்ரோல் டிரம்ஸ் அடிக்கும்போது டிரம்ஸ் மட்டும் கேட்காது, அந்த அறையும் சேர்ந்து கேட்கும், சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தம் உட்பட. புது ஃபோமில் அதைக் கேட்டபோது நிஜமாகவே பக்கத்து அறையில் யாரோ அடிப்பதுபோல இருந்தது. இரண்டு பாட்டுகளை மட்டும் வேறொருவரிடம் கொடுத்து மறுபடி மிக்ஸ் செய்தார்கள். அதில் ஒன்றான ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ் மூன்றாவதாக வரும், மற்றவர்கள் தூங்கி எழுந்த கோலத்தில் நிற்க இது மட்டும் முகம் கழுவிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும்.

நெவர்மைண்ட் மேல் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. கடைசிப் பாட்டு முடிந்ததும் ஏறத்தாழ 10 நிமிடம் அமைதி, அப்புறம் எங்கிருந்தோ ஒரு காட்டுக்கத்தல். தனி டிராக்காக இருந்தாலாவது தாண்டிவிடலாம், அதே டிராக்கிலேயே ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் அச்சான சிடிகளில் அது தவறுதலாக விட்டுப்போனதாம், அதை வாங்கியவர்கள் புண்ணியவான்கள். நான் எத்தனை ராத்திரி கேட்டபடியே தூங்கிப்போய் அலறி எழுந்திருக்கிறேன்! ஒரு முறை அம்மா ஓடிவந்து, "மாடியில டேங்க் இடிஞ்சு விழுந்திருச்சாடா?" என்றாள்.

இவ்வளவு சொன்ன பிறகு நண்பனுக்கு இன் யூட்ரோ என்றுதானே பதில் போக வேண்டும். அப்படித்தான் டைப்பும் செய்தேன். அனுப்பாமல் அழித்தேன். காரணம் அந்தக் கடைசிப் பாட்டு, சம்திங் இன் தி வே. கோபேன் கண்ட்ரோல் ரூம் சோபாவில் படுத்தபடி, ஸ்ருதி சேர்க்காத ஒரு பழைய கிடாரை வைத்துக்கொண்டு முனகியதை அப்படியே பிடித்தார் விக், அதற்காக ஏசி, ஃபோன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு. கிடார் ஸ்ருதியில் இல்லாததால் செல்லோவைச் சேர்க்கப் பெரும்பாடு. அத்தனை மெருகு ஏற்றிய ஆல்பத்தில் இந்தப் பாட்டை அதிகம் தொடாமல் விட்டிருக்கிறார்கள், ரிப்பேரான ஸ்பீக்கரில் மூச்சு விடுவது வரைக்கும் காதருகே வருகிறது.

"நெவர்மைண்ட் வாங்கு" என்று அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் கேட்டால் மாற்றிச் சொல்வேனோ என்னவோ. நேற்று ராத்திரி அது முடிந்தும் எழுந்து போய் நிறுத்தவில்லை, 10 நிமிடமும் உட்கார்ந்திருந்து கத்தலையும் முழுசாகக் கேட்டேன். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்.