ராணிப்பேட்டை குரோமியக் கழிவு: அள்ளுவதா, மூடுவதா, அங்கேயே முறிப்பதா?

ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுச் சென்ற கழிவு மேட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் “முதலில் அதை அகற்றுங்கள்” என்ற குரல்தான் கேட்கும். அந்தக் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகளைத் தயாரித்த ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. பரவலாகச் சொல்லப்படும் கணக்கின்படி சுமார் 1.5 லட்சம் டன் கழிவு வெட்டவெளியில் தேங்கியது. அதிலிருந்து கசிந்த மஞ்சள் நீர் நிலத்தடிக்குள் இறங்கியது. ஆனால் எங்கே அகற்றுவது, எப்படி அகற்றுவது என்ற கேள்விகளில் அவசரப்பட்டால் இரண்டாவது தவறு நேரும்.

அளவெடுப்பிலேயே ஏமாந்துபோக வாய்ப்பு உண்டு. மண்ணில் மொத்தக் குரோமியம் எவ்வளவு என்ற ஒற்றை எண் போதாது. குரோமியம் இரண்டு வேதி வடிவங்களில் இருக்கிறது. மூன்று இணைதிறன் குரோமியம் நீரில் எளிதில் கரையாது. ஆறு இணைதிறன் குரோமியமோ நீரோடு ஓடும். அது புற்றுநோய் தரக்கூடியது. ஆகவே கழிவில் எவ்வளவு கரைந்து வெளியேறுகிறது, மழைக்கு முன்னும் பின்னும் சுற்றுக் கிணறுகளில் அளவு எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தரம் அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் மட்டுமே.

மொத்தமாக அள்ளிச் செல்வது மக்களுக்கு மிகவும் பிடித்த வழி. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் இதே வகைக் கழிவை முழுவதும் தோண்டி எடுக்க 2003-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நிலம் இப்போது குடியிருப்புத் திட்டத்துக்கு வந்திருக்கிறது. அங்கே செலவை ஏற்க ஹனிவெல் என்ற பெரிய நிறுவனம் இருந்தது. இங்கே ஆலையே இல்லை. 15 டன் லாரி என்று வைத்துக்கொண்டால் 1.5 லட்சம் டன்னுக்கு 10,000 நடை. அபாயக் கழிவுக் கிடங்கு உள்ள கும்மிடிப்பூண்டி வரை, நூறு கிலோமீட்டருக்கும் மேலாக, ஊர்களின் நடுவே அந்தத் தூசி பயணிக்க வேண்டும். நம் நஞ்சை இன்னோர் ஊரின் வாசலில் கொட்டுவதை என்னால் தீர்வு என்று ஏற்க முடியவில்லை. மேலும், ஏற்கெனவே கெட்டுப்போன நிலத்தடி நீர் அப்படியேதான் இருக்கும்.

களிமண்ணும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் கொண்டு மூடிவிடுவது மலிவு, விரைவு. மழைநீர் உள்ளே இறங்குவது நிற்கும். ஆனால் பக்கவாட்டில் ஓடும் நிலத்தடி நீரை மூடி தடுக்காது. சுற்றிலும் நிலத்தடிச் சுவர் எழுப்பலாம்தான். ராணிப்பேட்டையின் அடியில் இருப்பதோ வெடிப்புகள் கொண்ட கடினப்பாறை, சுவருக்குக் கீழே நீர் வழி கண்டுபிடித்துவிடும். ஸ்காட்லாந்தின் ரூதர்கிளன் பகுதியில் 1967 வரை இயங்கிய குரோமியம் ஆலையின் கழிவைப் பள்ளங்களில் கொட்டி மண்ணைப் போட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2019-லும் 2021-லும், அருகிலிருந்த போல்மடி ஓடை பளிச்சென்ற பச்சையாக ஓடியது.

மூன்றாவது வழி, நஞ்சை அங்கேயே முறிப்பது. நம் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கிடைக்கும் பெரஸ் சல்பேட், ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறன் வடிவத்துக்கு இறக்கிவிடும். கேட்க எளிதாக இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. ஆலையில் குரோமியத் தாதுவைச் சுண்ணாம்போடு வறுத்ததால் கழிவில் காரம் அதிகம். மருந்து வேலை செய்வதற்குள் பெரும்பகுதி வீணாகும். துகள்களுக்குள் சிறைப்பட்ட குரோமியம் பின்னர் மெல்லக் கசிந்து மீண்டும் தலைகாட்டும். குழாய் வழியே மருந்தைச் செலுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்து எடுத்த ஒரே ஆய்வைக் காட்டி வெற்றி என்று அறிவிப்பதை நம்பக் கூடாது.

இருந்தும் என் தேர்வு இந்த மூன்றாவது வழிதான், ஆனால் மேட்டைப் பகுதி பகுதியாகத் தோண்டி, அரைத்து, காரத்தைக் குறைத்து, மருந்தோடு கலந்து செய்தால் மட்டும். முறித்த கழிவை அதே வளாகத்தில் அடிவிரிப்பு போட்ட குழியில் வைக்கலாம். வேலை முடியும்வரை தற்காலிக மூடி வேண்டும். மேட்டிலிருந்து நிலத்தடி நீர் ஓடும் திசையிலுள்ள கிணறுகளிலிருந்து நீரை இறைத்துச் சுத்திகரிப்பது முதல் நாளே தொடங்க வேண்டும். தோண்டுவது ஜனவரி முதல் மே வரையான வறண்ட மாதங்களில்.

செலவு யாருடையது? இதே பாலாற்றுப் பகுதித் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-ல் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. பணம் வசூலாகும்வரை கிணறுகள் காத்திருக்காது. அரசு முன்பணம் போட்டுப் பின்னர் வசூலிக்கட்டும்.

மீட்கப்படும் இடத்தில் கிடங்குகளும் சூரிய மின்தகடுகளும் வரலாம். வீட்டுமனை கூடாது, ஆழ்துளைக் கிணறு கூடவே கூடாது. இந்தத் தடை அரசாணையோடு நின்றுவிடாமல் பத்திரப் பதிவில், வில்லங்கச் சான்றில், நிலத்தை வாங்க வருபவர் கண்ணில் படும்படி ஏற வேண்டும்.