டிஸ்க் இல்லாத ஸ்பார்க் பெட்டியோடு மூன்று ஆண்டு

பங்காளி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "சன் கம்பெனியோட பழைய ஸ்பார்க் வொர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர் ஒண்ணு சல்லிசா வருது, டிஸ்க் இல்ல. நெட்வொர்க்லயே பூட் பண்ணிக்கலாமாமே? நீங்கதான் ஓட்டிக்கிட்டு இருக்கீகளே!" என் பெட்டியின் சில்லு (சிப்) ஒன்றை அரத்தால் ராவி அன்று காலைதான் சரிசெய்திருந்தேன். விரல் எரிச்சல்கூட அடங்கவில்லை.

தேவகோட்டையில் எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரின் தடிமனுக்கு வைஃபை வளவைத் தாண்டாது. முகப்பில் சர்வராக ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி, இரண்டாங்கட்டில் இந்தப் பெட்டி, நடுவே தாழ்வாரத் தூண்களை ஒட்டி இழுத்த கேபிள். ஓடுவது நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளம். டிஸ்க் இல்லாததால், மெமரி போதாதபோது உதவும் ஸ்வாப் இடமும் என்.எஃப்.எஸ். என்ற கோப்புப் பகிர்வு முறையில் சர்வரிலிருந்துதான், அதனால் மெமரி நிறைந்தால் தவழும்.

ஆனால் அந்த பூட் இருக்கிறதே, இன்றும் ஆசையாகப் பார்ப்பேன். 'பூட் நெட்' என்று அடித்ததும் தன் ஈதர்நெட் முகவரியை (நெட்வொர்க்கில் தன் அடையாள எண்ணை) சொல்லி, "என் ஐ.பி. என்ன?" என்று ஆர்.ஏ.ஆர்.பி. என்ற நெட்வொர்க் முறையில் கேட்கும். பதில் வந்ததும் அந்த ஐ.பி.யையே பதினாறடிமான எண்ணாக்கி, அந்தப் பெயரில் டி.எஃப்.டி.பி. என்ற எளிய கோப்பு அனுப்பும் முறையில் பூட் கோப்பைக் கேட்கும். 192.168.1.10 என்றால் சி0ஏ8010ஏ. இது தெரியாமல் முதல் ராத்திரி விடியவிடிய உட்கார்ந்திருந்தேன். கரண்டு வந்தபின் சர்வர் எழ நேரமானால், பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த விடாப்பிடிக்காகவே இதன்மேல் எனக்கு ஒட்டுதல்.

கோபமெல்லாம் என்வி-ராம் சில்லின் மேல்தான், கரண்டு போனாலும் விவரங்களை நினைவில் வைத்திருக்கும் சில்லு அது. ஈதர்நெட் முகவரி அதில்தான் இருக்கிறது. அதைக் காக்கும் பேட்டரியைச் சில்லுக்குள்ளேயே வைத்து மூடிவிட்டார்கள். பத்தாண்டுக் கணக்கில் செய்தது, அதற்கு மேலும் உழைத்தது, குறை சொல்லக்கூடாதுதான். ஆனால் பேட்டரி செத்தால் முகவரி முழுக்க எஃப்எஃப். தான் யார் என்றே தெரியாத பெட்டிக்கு சர்வர் என்ன பதில் சொல்லும்? ஆடிக்காற்றில் கரண்டு போகும் போதெல்லாம் 'எம்கேபி' கட்டளையால் முகவரி உள்ளிட்ட அடையாள விவரத்தின் பதினாறு பைட்டுகளையும் கையால் அடித்தேன். கடைசி பைட் முந்தைய பதினைந்தையும் எக்ஸ்ஓஆர் என்ற பிட் கணக்கில் சேர்த்து வரும் சரிபார்ப்பு எண். ஒன்று பிசகினாலும் ஏற்காது. ஆறு பைட் முகவரியில் சன் கம்பெனிக்கு உரிய முதல் மூன்று, 08:00:20, மனப்பாடம்; மிச்சம் மூன்றும் காலண்டர் ஓரத்தில். அம்மா பழைய காலண்டரைக் கிழித்த அன்று வீட்டில் சத்தம் போட்டுவிட்டேன். அதற்கு இன்றும் வருத்தம்.

இப்போது மூடியை ராவி, உள்ளே செத்த பேட்டரியின் இணைப்பை வெட்டிவிட்டு, சிஆர்2032 பட்டன் செல் ஒன்றை வெளியே சால்டர் வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி இரண்டு தடவை கரண்டு போய் வந்தது. காலையில் பார்த்தால் லாகின் திரை தயாராக நின்றது.

பங்காளியிடம் சொன்னதை மாற்றவில்லை: "கேபிள், சுவிட்சு எது வேணும்னாலும் நான் தர்றேன். அந்தப் பெட்டிய மட்டும் வாங்காதீக."