குமரியைச் சுற்றிப் பார்க்க: டூர் பஸ்ஸா, வாடகை காரா, டவுன் பஸ்ஸா?

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "டூர் பஸ்ஸில் வரலாமா, கார் பிடிக்கலாமா?" என்பதுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. முக்கடல் முனை மட்டும் போதுமா, இல்லை மாவட்டத்தையும் பார்க்க வேண்டுமா?

முனை மட்டும் போதும் என்றால் டூர், கைடு எதற்கும் காசு செலவழிக்காதீர்கள். பகவதி அம்மன் கோவில், காந்தி மண்டபம், காமராஜர் மணிமண்டபம், படகுத்துறை எல்லாமே காலாற நடக்கிற தூரம். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகில் விவேகானந்தர் பாறைக்குப் போய், அங்கிருந்து 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடந்தால் 133 அடி வள்ளுவரின் காலடி. முன்பு கடல் உள்வாங்கினால் சிலைக்குப் படகு போகாது. பாறை வரை வந்தும் வள்ளுவரைத் தூரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். அந்தக் குறையைப் பாலம் தீர்த்துவிட்டது. காலையில் முதல் படகுக்கே வரிசையில் நின்றுவிடுங்கள், அது போதும்.

திருவனந்தபுரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் ஒரே நாளில் வந்து திரும்பும் டூர் பஸ்களில் தலைக்கு ஆகும் செலவு குறைவு. வயதானவர்களைக் கூட்டி வருகிறவர்களுக்கு ஏறி இறங்குகிற அலைச்சலும் குறைவு. ஆனால் அந்த ஒரு நாளில் பெரும்பகுதியைப் படகு வரிசை விழுங்கிவிடும். சபரிமலை சீசனில் கேட்கவே வேண்டாம். சாமிமார் கூட்டத்தில் படகுத்துறை வரிசை தெருவுக்கு வந்துவிடும். அங்கே போன நேரத்தை அடுத்த இடங்களில்தான் பிடிப்பார்கள். சுசீந்திரம் கோவிலில் உச்சிப்பொழுதுக்கு நடை சாத்திவிட்டால் மாலையில்தான் திறப்பார்கள். அதுவரை டூர் பஸ் காத்திருக்காது. ஒரே கல்லில் செதுக்கிய இசைத் தூண்களையும் 18 அடி அனுமாரையும் பார்க்காமல், கோபுரத்துக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். சென்னையிலிருந்து வரும் பல நாள் சுற்றுலாக்களிலும் குமரிக்கு ஒதுக்குகிற நேரம் இப்படித்தான் இருக்கும்.

டூர் பஸ்ஸில் வந்தால் நான் அதிகம் வருத்தப்படுவது பத்மநாபபுரம் அரண்மனைக்காகத்தான். தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர். 1956-ல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. அதை ஓட்டமும் நடையுமாகப் பார்த்தால் இருட்டான மர வீடாகத்தான் தெரியும். நின்று பார்க்க வேண்டும். பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தின் கூரையில் 90 பூக்கள், ஒன்று போல இன்னொன்று இருக்காது. சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த கறுப்புத் தரை வெறும் காலில் சில்லென்று வழுக்கும், குனிந்தால் ஜன்னல் வெளிச்சம் அதில் தெரியும். ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் வண்ண அப்பிரகத் (மைக்கா) தகடுகள். இவை தானாகக் கண்ணில் படாது, ஒருவர் சொல்லிக் காட்ட வேண்டும். உள்ளேயே வழிகாட்டிகள் இருக்கிறார்கள். கூட்டத்தோடு நகர்ந்துவிடாமல் அவர்களிடம் நின்று கேளுங்கள், தமிழிலேயே சொல்வார்கள். மாவட்டத்தில் வழிகாட்டி அவசியம் வேண்டிய இடம் என்று நான் சொல்வது இதைத்தான். அதற்கு டூர் தேவையில்லை, நேரம்தான் தேவை.

அந்த நேரம் உங்கள் கையில் இருக்க வேண்டுமென்றால் வாடகை கார்தான் சரி. நாகர்கோவிலில் பிடித்தால் பத்மநாபபுரம், திருவட்டாறு, மாத்தூர், திற்பரப்பு அருவி என்று மேற்கே ஒரே சுற்றாகப் போய் வரலாம். திருவட்டாறில் 22 அடி ஆதிகேசவர் சயனக் கோலத்தை மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். காமராஜர் காலத்தில் திட்டமிட்ட மாத்தூர் தொட்டிப்பாலம், பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர் கொண்டு போகிறது. பக்கவாட்டு நடைபாதையில் நடக்கும்போது ஒரு கையருகே வாய்க்கால், மறு பக்கம் கீழே தென்னந்தோப்பு. இந்தப் பக்கத்து டிரைவர் என்றால் எந்த அருவியில் தண்ணீர் விழுகிறது, எந்தக் கோவில் எப்போது திறக்கும் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். வாடகை பேசும்போதே போகிற இடங்களைப் பெயர் சொல்லிச் சொல்லிவிடுங்கள். கிலோமீட்டர் கணக்கா, நாள் வாடகையா, டிரைவர் பேட்டா தனியா என்பதையும் கேளுங்கள். சங்கு, சிப்பிக் கடைகளில் நிறுத்த வேண்டாம் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

காசு குறைவாக இருக்கிறது, நேரம் தாராளமாக இருக்கிறது என்பவர்களுக்கு டவுன் பஸ் இருக்கிறது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. சுசீந்திரத்துக்கும் தக்கலைக்கும் பஸ்ஸுக்குக் குறைவே கிடையாது. தக்கலையில் இறங்கி ஆட்டோ பிடித்தால் அரண்மனை வாசல். மாத்தூர், திற்பரப்புக்குத்தான் பஸ் மாறி மாறிப் போக வேண்டியிருக்கும். குழந்தைகளோடு வருகிறவர்கள் அந்த இரண்டுக்கும் பஸ்ஸை நம்ப வேண்டாம்.

என் யோசனை: இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் முனையை நடந்தே சுற்றுங்கள், மாலையில் கோவில் நடை திறந்த பிறகு சுசீந்திரத்துக்குப் பஸ். மறுநாள் மட்டும் கார், மேற்கே. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாட்களிலும் மதியம் ஒரு மணிக்கு மேல் சாப்பாட்டு இடைவேளை. அதனால் காலையில் முதலில் அங்கேதான் போக வேண்டும். கார் எடுக்கிற நாள் திங்களாக அமைந்துவிட்டால் அரண்மனைக்குப் பதில் சிதறால் மலையில் ஏறி, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சமணர் புடைப்புச் சிற்பங்களைப் பாருங்கள். வெயிலுக்கு முன்னால் ஏறிவிட வேண்டும், கையில் தண்ணீர் பாட்டில் கட்டாயம்.