ஓப்பன்சீஸ்ல மெட்டீரியல விட எலிமென்ட் தான் என்னைய அலைக்கழிச்சுது: நாலு வருஷ அனுபவம்

நாலு வருஷமா ஆர்சி (கம்பி போட்ட கான்கிரீட்) ஃப்ரேம் நான்லீனியர் அனாலிசிஸ், அதாவது கட்டடம் சேதமாகுற வரைக்கும் கணக்கு பாக்குறது, எல்லாம் ஓப்பன்சீஸ்ங்குற சாஃப்ட்வேர்ல தான். ஆரம்பத்துல அதுல இருக்குற மெட்டீரியல் மாடல்கள்ல ஸ்டீல்01 போடவா ஸ்டீல்02 போடவா, கான்கிரீட்01 போதுமா இல்ல டென்ஷனும் எடுக்குற கான்கிரீட்02 வேணுமான்னு மெட்டீரியல்லயே மண்டைய உடைச்சுக்கிட்டு கிடந்தேன்.

அதுல சொல்ல வேண்டியது கொஞ்சம் தான். புஷ்ஓவருக்கு (ஒரே பக்கமா தள்ளிக்கிட்டே போறது) ஸ்டீல்01 தாராளமா போதும். சைக்ளிக் லோடுன்னா (முன்னும் பின்னுமா மாறி மாறி வர்றது) ஸ்டீல்02, ஏன்னா பௌஷிங்கர் எஃபெக்ட் (ஒரு பக்கம் இழுத்த கம்பி எதிர்ப்பக்கம் சீக்கிரமே இளகுறது) வளைவா அழகா வரும், ஆனா சின்னதா அன்லோட் ஆகி திரும்ப லோட் ஆகும்போது ஸ்ட்ரெஸ் கொஞ்சம் மேல எகிறும், அத பாத்து பயந்துடாதீங்க. கம்பி பக்லிங் (அமுக்கத்துல கம்பி வளைஞ்சு பிதுங்குறது) ரெண்டுலயுமே கிடையாது.

என்னைய உண்மையிலேயே படுத்துனது எலிமென்ட், அதாவது மாடல்ல தூண், பீம குறிக்குற துண்டு தான். டிஸ்ப்ளேஸ்மென்ட் பேஸ்டு எலிமென்ட்ல கர்வேச்சர் (எவ்ளோ வளையுதுங்குற அளவு) எலிமென்ட் நீளத்துல நேர்கோடா மாறும்னு எடுத்துக்குறதால, ஒரு தூணுக்கு ஒரே எலிமென்ட் போட்டா பேஸ் ஷியர் (அடியில வர்ற பக்கவாட்டு விசை) நெசத்த விட கூட வரும், அதனால தூண நாலஞ்சா பிரிக்கணும். விசைய வச்சு கணக்கு போடுற ஃபோர்ஸ் பேஸ்டுல ஒண்ணே போதும், அதான் அதுக்கு மாறினேன். அப்புறம் ஒரு நாள் சும்மா இன்டக்ரேஷன் பாயிண்ட்ட (எலிமென்ட்டுக்குள்ள கணக்கு பாக்குற இடங்கள்) 5ல இருந்து 7 ஆக்குனேன், பீக் வரைக்கும் அதே கர்வ், பீக் தாண்டுனதும் சடார்னு செங்குத்தா விழுது! மெட்டீரியல்ல ஒரு நம்பர் கூட மாத்தல. ரெண்டு நாள் தூக்கமே இல்ல.

விஷயம் என்னன்னா, சாஃப்டனிங் (பீக் தாண்டி பலம் குறையுறது) வந்தா டேமேஜ் மொத்தமும் கடைசி பாயிண்ட்ல போய் குவியுது, அந்த பாயிண்டோட வெயிட் (அது கணக்குல எடுத்துக்குற நீளப் பங்கு) தான் அப்ப ஹின்ஜ் நீளம், அதாவது சேதம் குவியுற பகுதியோட நீளம். லோபாட்டோவுல (முனையிலயும் பாயிண்ட் வர்ற மாதிரி அடுக்குற முறை) 5 பாயிண்ட்னா அது நீளத்துல 20ல ஒரு பங்கு, 7னா 42ல ஒண்ணு. என்னோட 3 மீட்டர் கான்டிலீவர் தூணுக்கு 15 சென்டிமீட்டர், அப்புறம் வெறும் 7. ஆனா ஹின்ஜ் நீளம் கண்டுபிடிக்குற பாலே-ப்ரீஸ்ட்லி ஃபார்முலால 20 எம்எம் கம்பி, 500 எம்பிஏ கம்பி பலம் போட்டு பாத்தா கிட்டத்தட்ட 46 சென்டிமீட்டர் வருது, எவ்ளோ வித்தியாசம் பாருங்க!

இப்பல்லாம் பீம்வித்ஹின்ஜஸ்ங்குற எலிமென்ட் தான் போடுறேன், ஹின்ஜ் நீளத்த நானே குடுத்துடுவேன். பழையபடி லோபாட்டோ தான் வேணும்னா கான்கிரீட்டோட கடைசி ஸ்ட்ரெயின (நொறுங்கும்போது இருக்குற சுருக்க அளவு) அந்த பாயிண்ட் நீளத்துக்கு ஏத்தாப்ல மாத்தணும், கிரஷிங் எனர்ஜி (கான்கிரீட் நொறுங்க எடுத்துக்குற சக்தி) மாறாம இருக்குற மாதிரி. பழைய ரன் எதாவது வச்சிருந்தீங்கன்னா பாயிண்ட் எண்ணிக்கைய மட்டும் மாத்தி ஒருதரம் ஓட்டிப் பாருங்க, அஞ்சு நிமிஷம் தான் ஆகும்.