பேக்கரி மாடியில் பிசியோதெரபி: ஐந்தில் நான்கு

குதிகால் வலியோடு வருகிறவர்களுக்கு கோவை பீளமேட்டில் இருக்கும் இந்த பிசியோதெரபி கிளினிக்கின் மாடிப்படியே முதல் சோதனை. 22 படி. லிஃப்ட் கிடையாது, கைப்பிடியும் ஒரு பக்கம்தான். போன ஜூலையில் முதல் தடவை வந்தபோது இடது காலை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்துத்தான் ஏறினேன். கீழே பேக்கரியில் முட்டை பப்ஸ் வேகும் வாசனை வேறு.

எனக்கு 44 வயது. நூற்பாலை அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருடமாக ஓடுகிறேன், நாலு அரை மாரத்தான் முடித்திருக்கிறேன். ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழு 42.195 கிலோமீட்டர் ஓடிவிட வேண்டும் என்று ஆசை. வாரம் 28 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள், மூன்றே வாரத்தில் 52க்குத் தாவினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மருதமலை ஏற்றம் தனி. ஒரு திங்கட்கிழமை காலை கட்டிலை விட்டு இறங்கிய முதல் அடியிலேயே குதிகாலுக்கு மேலே நாலு விரல் தள்ளி, கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் நாரில் (அக்கிலீஸ் என்பார்கள்) கம்பி வைத்து இழுத்த மாதிரி இருந்தது.

முதலில் போனது வேறு ஒரு இடம். நல்ல ஏசி, மீன் தொட்டி. பத்து நாள் பேக்கேஜுக்கு மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு தினமும் கரண்ட் வைத்தார்கள், மெழுகு ஒத்தடம் கொடுத்தார்கள். படுத்திருக்க சுகமாகத்தான் இருந்தது. பதினோராவது நாள் காலையிலும் அதே வலி. "இந்த வயசுல ஓட்டமெல்லாம் எதுக்குங்கம்மா, வாக்கிங் போதாதா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

சரி, பீளமேட்டுக்கு வருவோம். இங்கே இருப்பது ஒரே ஒரு பிசியோ, முப்பதைத் தாண்டாத தம்பி. முதல் நாள் காலைத் தொடுவதற்கு முன்னால் அரை மணி நேரம் கேள்விதான். எந்த வாரம் எவ்வளவு ஓடினேன் என்று போனில் இருந்ததையெல்லாம் வாங்கிப் பார்த்தார். "ஷூவையும் எடுத்துட்டு வாங்க்கா" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எப்ப வாங்குனீங்க?" என்றார். தள்ளுபடியில் வாங்கியது, குதிகால் பக்கம் உயரமே இல்லாத தட்டை ஷூ. வாங்கிய தேதியும் வலி வந்த தேதியும் பத்து நாள் இடைவெளியில் இருந்தன. அதுவரைக்கும் எனக்கு அது உறைக்கவே இல்லை.

அப்புறம் ஒற்றைக் காலில் நிற்கவைத்து குதிகாலை உயர்த்தச் சொல்லி எண்ணினார். வலது கால் 24. இடது கால் ஏழிலேயே நடுங்கிவிட்டது. "ரெண்டும் 25ஐத் தொட்ட பிறகு முழு மாரத்தானைப் பத்திப் பேசலாங்க்கா." கரண்ட் மெஷின் ஒன்று மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது. எனக்கு ஒரு நாள் கூட அதை எடுக்கவில்லை.

கொடுத்த மருந்து மாடிப்படிதான். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து இரண்டு காலாலும் எழும்பி, வலிக்கிற காலில் மட்டும் எடையைப் போட்டு, குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை, மூன்று சுற்று. மடக்கி 15 முறை, மூன்று சுற்று. காலையும் மாலையும். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 180. கணக்குப்பிள்ளை ஆயிற்றே, சும்மா இருப்பேனா? எதற்கு இத்தனை என்று கேட்டேன். ஸ்வீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனின் கதையைச் சொன்னார். அவருக்கே இந்த வலி வந்து, ஆபரேஷன் செய்ய அவருடைய மேலதிகாரி மறுத்துவிட்டாராம். நார் அறுந்தாலாவது ஆபரேஷன் செய்வார்கள் என்று வலிக்க வலிக்க இப்படியே இறக்கியிருக்கிறார். அறுவதற்குப் பதில் வலி போய்விட்டது. 15 ஓட்டக்காரர்களை 12 வாரம் இதைச் செய்யவைத்து 1998இல் ஆய்வாகவும் வெளியிட்டார். கிளினிக் வாசலில் இருக்கும் மேல்படியின் விளிம்பைப் பாருங்கள், சிமெண்டு வழவழவென்று தேய்ந்திருக்கும். எல்லாம் எங்கள் கால்கள்தான்.

ஒன்று கவனம். எனக்கு வலி நாரின் நடுவில். குதிகால் எலும்போடு நார் ஒட்டும் இடத்திலேயே வலித்தால் படிக்குக் கீழே இறக்கக் கூடாதாம், தரையோடு நிறுத்திவிடுவார். பக்கத்தில் நின்ற கபடிப் பையனுக்கு அப்படித்தான். அதனால் இதைப் படித்துவிட்டு வீட்டுப் படியில் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

ஐந்தாவது வாரம் உடம்பு எடை போதாமல் போய், மகனின் பள்ளிப் பையில் ஐந்து கிலோ பொன்னி அரிசியைக் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டேன். என் மாமியார் சமையலுக்கு அரிசி எடுக்கப் போய் டப்பா காலியாக இருந்ததைப் பார்த்தது தனிக் கதை.

இந்த இடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. தினமும் காலை முதல் அடிக்கு எவ்வளவு வலி என்று பத்துக்கு மார்க் போட வேண்டும். பயிற்சியின்போது ஐந்து வரை போகலாம், மறுநாள் காலைக்குள் இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. வலித்தால் நிறுத்து என்று சொல்ல எல்லோராலும் முடியும். எவ்வளவு வலிக்கலாம் என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

ஒன்பதாவது வாரம் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து முறை. அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். ஓடி முடித்து ஒன்றரை நாள் வரைக்கும் நாரில் கட்டுவதைவிட உடைவதுதான் அதிகமாம், மறுநாளே ஓடினால் பழுது பார்க்க நேரம் இருக்காது. முன்பு நான் முந்திப் போன தாத்தாக்கள் எல்லாம் என்னைத் தாண்டி நடந்தார்கள். ஒருவர் "என்னம்மா, புதுசா சேர்ந்திருக்கியா?" என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. மாலை ஏழு மணிக்குப் போனால் எட்டுப் பேருக்கு இரண்டு ரப்பர் பட்டைதான். பெண்கள் உடை மாற்றத் தனியிடம் இல்லை, நான் அலுவலகத்திலேயே மாற்றிக்கொண்டு போவேன். ரசீது துண்டுச் சீட்டில் வரும், அலுவலகத்தில் மருத்துவச் செலவு கேட்டால் சிரிப்பார்கள். வண்டி நிறுத்த இடம் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். கிரிக்கெட் நடக்கும் நாளில் தம்பியின் கண் பாதி டிவியில் இருக்கும், எண்ணிக்கையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் ஒரு தடவைக்கு 500 ரூபாய். ஆனால் வாரம் ஒருமுறைக்கு மேல் வரவேண்டாம் என்று அவரே சொல்லிவிடுகிறார்.

சென்னை முழு மாரத்தானை விட்டுவிட்டேன். கொஞ்சம் அழுதேன் என்பதையும் மறைக்க வேண்டாம். டிசம்பரில் கோயம்புத்தூர் மாரத்தானில் 10 கிலோமீட்டர் மட்டும் ஓடினேன், மறுநாள் காலை நோட்டில் இரண்டு மார்க். போன ஞாயிறு 16 கிலோமீட்டர். இடது கால் இப்போது 23 முறை ஏறுகிறது. இன்னும் இரண்டு பாக்கி என்று தம்பி விடமாட்டேன் என்கிறார்.

போகிறவர்கள் ஆறு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். ரப்பர் பட்டையும் கிடைக்கும், இறங்கும்போது கீழே தேங்காய் பன்னும் சூடாக இருக்கும்.