பழைய தண்டர்பேர்டுக்கு சஸ்பென்ஷன் பாகங்கள்: காரைக்குடியிலிருந்து ஒரு நீண்ட கால அனுபவம்

ராயல் என்ஃபீல்டின் தண்டர்பேர்டு 350 பைக்கை ஓட்டுபவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எஞ்சினைச் சுற்றியே போகும். நெடுந்தூரம் போவதற்காக இந்த வண்டியை வாங்கியவர்கள் சஸ்பென்ஷனைப் பற்றியும் அதே அக்கறையோடு பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என்னுடையது 2012-இல் வெளிவந்த புதிய வடிவம்: 20 லிட்டர் டேங்க், முன்னால் சக்கரத்தைத் தாங்கும் 41 மி.மீ. பைப்புகள் கொண்ட ஃபோர்க், பின்னால் வாயு நிரப்பிய இரண்டு ஷாக் அப்சார்பர்கள். முன்பக்கம் 130 மி.மீ. அமுங்கும், பின்பக்கம் 80 மி.மீ. மட்டுமே. பின்னிருக்கையில் ஓர் ஆளும் இரண்டு பக்கமும் பைகளும் ஏறிவிட்டால், அந்த 80 மி.மீ.யில் ஒரு பங்கு வண்டி நகர்வதற்கு முன்பே தீர்ந்துவிடும். ஷாக் சற்றுத் தளர்ந்தாலும் முதலில் முதுகுக்குத்தான் தெரியும்.

பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த 2020-இல் தண்டர்பேர்டின் தயாரிப்பு நின்றது. அதே ஆண்டு நவம்பரில் அதன் இடத்துக்கு மீட்டியார் 350 வந்தது. வண்டி நின்றுபோனதும், இனி பாகமும் கிடைக்காது, விற்றுவிடு என்று சொன்னவர்கள் உண்டு. பாகம் கிடைக்கிறது. எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது, அதன் அளவு என்ன, பார்ட் நம்பர் என்ன என்று தெரிந்துகொண்டு போகிறவருக்குக் கிடைக்கிறது. “முன்னால் ஏதோ சத்தம் வருகிறது” என்று கடையில் போய் நிற்பவருக்கு மொத்த ஃபோர்க்கையும் விற்கத்தான் பார்ப்பார்கள்.

எங்கள் பகுதிச் சாலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. திருமயத்திலிருந்து காரைக்குடி வழியாகத் தேவகோட்டை வரை ராமேஸ்வரம் நெடுஞ்சாலை நன்றாகவே இருக்கிறது. அதைவிட்டு விலகி ஊர்களுக்குள் நுழைந்தால் வேகத்தடைகளும் செம்மண் புழுதியும்தான். ஃபோர்க் பைப்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் எப்போதும் இருக்கும். அதில் புழுதி ஒட்டி, பைப் ஏறி இறங்கும்போதெல்லாம் ஆயில் சீலின், அதாவது எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தின், உதட்டை அறுக்கும். மழையில் ஓட்டியதைவிடப் புழுதியில் ஓட்டியதுதான் என் வண்டியின் சீல்களைத் தின்றது. அதற்கு மேலே புழுதியைத் தடுக்கும் டஸ்ட் சீலை ஈரத்துணியால் துடைக்கும் பழக்கம் வந்த பிறகு சீல் நீண்ட நாள் தாங்குகிறது.

முன்பக்கம் பிரேக் பிடிக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியபோது, ஃபோர்க்கைப் பிரிக்கச் சொல்லி எங்கள் மெக்கானிக் பாயிடம் போனேன். “தம்பி, கோன் செட்டைப் பார்த்துவிட்டுப் பிறகு ஃபோர்க்கைப் பேசுவோம்” என்றார். ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங்தான் கோன் செட். சென்டர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி முன் சக்கரத்தைத் தூக்கினார். ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். சத்தம் அங்கேயே கேட்டது. ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பச் சொன்னார். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றது. கோன் செட்டின் வட்டுகளில் குண்டுகள் பதிந்து குழி விழுந்திருக்கின்றன என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரு கோன் செட் மாற்றியதில் சத்தம் நின்றது. ஃபோர்க்கில் அன்று கையே வைக்கவில்லை.

பிறகு சீல் மாற்ற வேண்டி வந்தபோது நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். பலருக்கு இந்த இடத்தில்தான் பணம் போகிறது. தண்டர்பேர்டுக்கும் அக்காலத்து கிளாசிக் 350-க்கும் எஞ்சின் குடும்பம் ஒன்று. ஆனால் கிளாசிக்கின் ஃபோர்க் 35 மி.மீ.; இதன் ஃபோர்க் 41 மி.மீ. கடையில் வண்டியின் பெயரைச் சொன்னதும் 35 மி.மீ. சீலை எடுத்து வைத்து, “350-க்கெல்லாம் இதுதான்” என்றார்கள். ஆயில் சீலின் முகத்தில் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். பழைய சீலையும் அளவெடுக்கும் வெர்னியரையும் கையோடு கொண்டுபோயிருந்ததால் அங்கேயே திருப்பிக் கொடுத்தேன். மலிவான சீல் ஒன்றையும் நிறுவனத்தின் அசல் சீல் ஒன்றையும் அருகருகே வைத்து உதட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். மலிவானது விறைப்பாக நிற்கும். அசல் வளைந்து உடனே திரும்பும். எங்கள் ஊர் வெயிலில் விறைத்த ரப்பர் ஒரு கோடைக்குமேல் தாங்குவதில்லை.

வலது பைப்பில், சீல் உராயும் பகுதியில், நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினால் தட்டுப்படும் அளவுக்குத் துருப்புள்ளிகள் இருந்தன. அந்தப் பைப்பில் எத்தனை நல்ல சீல் போட்டாலும் வீண். புதிய பைப் வரத் தாமதமானதால், திருச்சிப் பக்கம் ஹைட்ராலிக் தண்டுகளுக்கு ஹார்டு குரோம் போடும் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். பழைய முலாமை நீக்கி, புதிதாகப் பூசி, பழைய அளவுக்கே அரைத்துத் தந்தார்கள். கொடுப்பதற்கு முன் பைப்பைத் தடித்த கண்ணாடிப் பலகைமேல் உருட்டி, வளைவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வளைந்த பைப்புக்கு முலாம் பூசுவது பணத்தைக் கரைப்பது. துருவைப் பற்றியும் முலாமைப் பற்றியும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் காரைக்குடியில் இருக்கிறது. அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பர். 1948-இல் அடிக்கல் நாட்டினார்கள். அந்த ஊர்க்காரன் துருப்பிடித்த பைப்போடு ஓட்டுவதை என் மனம் ஏற்கவில்லை. பல மழைக்காலம் கடந்தும் அந்தப் பைப்பில் எண்ணெய்க் கசிவு இல்லை. இருந்தாலும் புதிய பைப் கையில் கிடைக்குமானால் அதையே வாங்குங்கள் என்பேன்.

பின் ஷாக் விஷயத்தில் என் கருத்து இன்னும் கண்டிப்பானது. இவை உயர் அழுத்தத்தில் வாயு அடைக்கப்பட்டவை. துளையிட்டு, தடித்த எண்ணெய் ஊற்றி, மீண்டும் பற்றவைத்துத் தரும் ‘ரீகண்டிஷன்’ வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். நண்பர் ஒருவரின் வண்டியில் அப்படிச் செய்த ஜோடி, குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்தது. மதுரை போய்ச் சேர்வதற்குள் எண்ணெய் சூடாகி நுரைத்து, வேகத்தடைக்குப் பின் வண்டி பந்துபோல் துள்ளியது. சென்னை புதுப்பேட்டையில் பழைய ஷாக் கிடைக்கும். வெளித்தோற்றத்தை வைத்து உள்ளே எவ்வளவு உயிர் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அங்கே கைப்பிடியும் பக்கவாட்டு மூடியும் வாங்கலாம், ஷாக் வேண்டாம். புதிய ஜோடிக்கு முதலில் அசல் பாகம், இல்லையென்றால் பெயருள்ள தயாரிப்பாளர்களின் மாற்றுப் பாகம். அவற்றுக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் தேடலாம். மேல் போல்ட் துளையின் மையத்திலிருந்து கீழ் துளையின் மையம் வரை அளந்து, அதே நீளத்தில் வாங்க வேண்டும். நீளம் கூடினால் பின்பக்கம் உயர்ந்து ஹேண்டில் படபடக்கும். சைடு ஸ்டாண்டில் வண்டி மிகவும் சாயும். ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஒரு கீலுக்காக நாள் முழுவதும் தேடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. பழையதைப் பராமரிப்பது இங்கே யாருக்கும் விசித்திரமாகப் படுவதில்லை.

இப்போது பின் ஷாக்கின் ஸ்பிரிங் இறுக்கத்தை மாற்றும் ஐந்து படிகளில், தனியாகப் போகும்போது இரண்டாவது, ஆளும் பைகளும் ஏறினால் நான்காவது என்று வைத்து ஓட்டுகிறேன். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அடுத்து மாற்ற வேண்டியது, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் அசையும் இடத்தில் உள்ள புஷ். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் சிறு அசைவு தெரிகிறது. கூடுதலாக வாங்கிய ஒரு ஜோடி ஆயில் சீலை உறையோடு மர அலமாரியில் படுக்கை வாக்கில் வைத்திருக்கிறேன். ஆணியில் மாட்டினால் உதடு கோணிவிடும்.